சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், இந்தக் கேள்விகள் வாரத்தில் நாலைந்து தடவையாவது என்னிடம் வரும். பயணம் போகிறவர்களைவிட, அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். போனில் அவசரமாகச் சொல்வது எல்லோருக்கும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஒரு முறை ஒரு அப்பா, மகளை அழைத்துவர ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய், மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்றுதான் இதையெல்லாம் நிதானமாக எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உதாரணத்துக்கு சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானங்களில் உலகிலேயே மிக நீளமான தடம் இதுதான். இங்கே சொல்லும் கணக்குகள் தூரமான எந்த இரண்டு ஊர்களுக்கும் பொருந்தும்.

சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர்? ஒரே வரியில சொல்லுங்க.

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். பக்கத்தில் நியூ ஜெர்சியில் இருக்கும் நுவார்க் விமான நிலையத்துக்கு 5 கிலோமீட்டர் குறைவு.

இது எவ்வளவு பெரிய தூரம் என்று மனதில் வாங்க ஒரு வழி உண்டு. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் அவற்றுக்கு நடுவே 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. அந்த எல்லையில் முக்கால் பங்கை இந்த ஒரே விமானம் கடக்கிறது.

சரி, எத்தனை மணி நேரம் ஆகும்?

நேராகப் போகும் விமானத்தில், அட்டவணைப்படி பதினெட்டரை முதல் 19 மணி நேரம். நடுவில் ஒரு இடத்தில் மாறிப் போனால் 22 மணி நேரத்திலிருந்து 30 மணி நேரம் வரை ஆகும். எந்த ஊரில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஒரு இடத்துல 15,349னு இருக்கு, இன்னொண்ணுல 9,537, வேற ஒண்ணுல 8,288. எதை நம்புறது?

மூன்றையும் நம்பலாம், மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். ஒரு சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். விமானிகள் கணக்குப் போடுவது கடல் மைலில்தான். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் நீளம்தான் கடல் மைல் என்பதால், பூமிப்பந்தின் மேல் வழி போடுவதற்கு அது வசதியான அளவு. பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பத்து, இருபது கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் வேறு. சில கணிப்பான்கள் ஊரின் மையத்திலிருந்து அளக்கும், சில விமான நிலையத்திலிருந்து அளக்கும். சில பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்ளும். சில, துருவங்களில் கொஞ்சம் தட்டையான அதன் உண்மையான வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்ன வித்தியாசத்தால் பயண நேரத்தில் ஒன்றிரண்டு நிமிடம்கூட மாறாது.

ஃப்ளைட் மணிக்கு 900 கிலோமீட்டர் போகுதுன்னா 17 மணி நேரத்துல போயிடணுமே? எதுக்கு பதினெட்டரைன்னு போடுறாங்க?

வகுத்தல் சரிதான், 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 வரும். ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்டில் வந்து நிற்கும் நொடி வரை உள்ள நேரம் அது. ரன்வே வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு கேட்டைத் தேடி வருவது எல்லாம் அதில் அடங்கும். அப்புறம், மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போகாது. பெரிய நகரங்களை நெருங்கும்போது வானத்திலும் வரிசை இருக்கும்.

என் கைக்கணக்கு இது: தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். லண்டன் – நியூயார்க் சுமார் 5,540 கிலோமீட்டர். வகுத்தால் ஆறரை, அரை மணி கூட்டினால் 7 மணி நேரம். கிட்டத்தட்ட சரியாகவே வரும். எதிர்க்காற்று பலமாக இருக்கும் திசையில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றும். அதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

மேப்ல பார்த்தா நேரா பக்கவாட்டுல போகலாம் போல இருக்கு. எதுக்கு வட துருவம் பக்கம் கோடு வளைஞ்சு போகுது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடம், உருண்டையான பூமியை இழுத்து விரித்துப் போட்டது. துருவத்தை நெருங்க நெருங்க அந்த இழுப்பு அதிகமாகும். அதனால்தான் அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது. அந்த வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போனால் ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் ஆகும். வளைந்ததுபோல் தெரியும் வழிதான் 3,000 கிலோமீட்டருக்கு மேல் குறுக்கு.

ஒரு பூகோள உருண்டை கிடைத்தால் ஒரு நூலை எடுத்து, இரண்டு ஊர்களிலும் விரலால் அழுத்தி, இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாகவே மேலே நழுவி வட துருவத்தின் பக்கத்தில் போய் நிற்கும். சிங்கப்பூரின் தீர்க்கரேகை கிழக்கே 104 பாகை, நியூயார்க்கின் தீர்க்கரேகை மேற்கே 74 பாகை. கூட்டினால் 178. அதாவது இரண்டு ஊர்களும் பூமியின் கிட்டத்தட்ட நேரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக உச்சியைத் தாண்டுவதுதான் குறுக்கு வழி.

இதைக் காகிதத்திலேயே சரிபார்த்துவிடலாம். சாங்கி, பூமத்தியரேகைக்கு வடக்கே 1.36 பாகையில் இருக்கிறது. துருவம் 90 பாகை. அங்கே போக 88.64 பாகை ஏற வேண்டும். கென்னடி விமான நிலையம் 40.64 பாகையில் இருக்கிறது. துருவத்திலிருந்து அங்கே 49.36 பாகை இறங்க வேண்டும். கூட்டினால் சரியாக 138. ஒரு பாகைக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,345 வரும். கணினி சொல்லும் 15,349-க்கும் இதற்கும் நாலே கிலோமீட்டர்தான் வித்தியாசம். முதல் தடவை இப்படிக் கூட்டிப் பார்த்த அன்று, எதிரே உட்கார்ந்திருந்த பயணியிடமும் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அப்போ ஃப்ளைட் வட துருவத்துக்கு மேலேயே போகுமா?

பெரும்பாலும் போகாது. குறுக்கு வழியும் சீக்கிரமான வழியும் ஒன்று அல்ல. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பல நாட்களில் வடகிழக்கே திரும்பி, ஜப்பான் பக்கம் போய், வட பசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவுக்குள் நுழைந்து நியூயார்க் போகும். அந்த வழியில் காற்று பின்னாலிருந்து தள்ளும். இதனால்தான் இந்தத் தடத்தைப் பற்றிய செய்திகளில் 16,700 கிலோமீட்டர் என்றும் ஒரு எண் வரும். உண்மையில் பறக்கும் வழியின் நீளம் அது. ஆயிரத்துக்கும் மேல் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும், நேரமும் எரிபொருளும் மிச்சமாகலாம்.

துருவத்தை ஒட்டிய வழியில் குளிரும் ஒரு பிரச்சினை. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. வெளியே காற்று அதைவிடக் குளிராக இருக்கும்போது, இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கவனித்துக்கொண்டே போக வேண்டும். தேவைப்பட்டால் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ அதைச் சரிசெய்வார்கள்.

"நேர்க்கோட்டுத் தூரம்"னு போட்டிருக்காங்களே, அது பூமியைத் துளைச்சுப் போற தூரமா?

இல்லை, பூமியின் மேற்பரப்பில் அளந்த மிகக் குறுகிய தூரம். மேலே சொன்ன நூல் வழிதான் அது. பூமிக்குள்ளே சுரங்கம் போட்டால் எவ்வளவு என்று ஒரு பள்ளி மாணவன் கேட்டான். சுமார் 11,900 கிலோமீட்டர் வரும்.

போறப்ப ஒரு நேரம், வர்றப்ப வேற நேரம் ஆகுதே. தூரம் ஒண்ணுதானே?

தூரம் ஒன்றுதான், காற்று ஒன்று அல்ல. 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக அதன் வேகம் மணிக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். ஓடும் ஆற்றில் படகு விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துத் துடுப்புப் போட்டால் அதே உழைப்பில் பாதி தூரம்கூடப் போகாது. விமானத்துக்குக் காற்றுதான் ஆறு.

2020 பிப்ரவரியில் பெரிய புயல் ஒன்று அட்லாண்டிக்கில் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதற்கு ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். தரையை ஒப்பிட்டால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை அது மீறிவிட்டதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். இல்லை. சுற்றியிருந்த காற்றை ஒப்பிட்டால் அது தன் வழக்கமான வேகத்தில்தான் போனது, அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூர் – நியூயார்க்கில் போக வர நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதற்கும் இதுதான் காரணம். இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் திரும்பி வரும்போதும் கிழக்காகவே போகலாம். நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா வழியாக இறங்கி சிங்கப்பூர் வந்துவிடலாம். அப்படி அமையும் நாட்களில், போய்த் திரும்பியவர் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார்!

பூமி சுத்துதே. மேல போய் சும்மா நின்னாலே நியூயார்க் கீழ வந்துடாதா?

வராது. பூமியோடு சேர்ந்து அதன் காற்று மண்டலமும் சுற்றுகிறது. பூமத்தியரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. காற்று கூடவே வராமல் நின்றிருந்தால் வீட்டு வாசலில் அந்த வேகத்தில் சூறாவளி அடிக்கும். ஓடும் ரயிலுக்குள் ஒரு நாணயத்தை மேலே சுண்டினால் அது பின் பெட்டிக்குப் போவதில்லை, உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. அதேதான் இங்கும்.

பூமியின் சுழற்சிக்கும் பயண நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பூமத்தியரேகைப் பக்கம் சூடு, துருவப் பக்கம் குளிர். இந்த வித்தியாசத்தால் நகரும் காற்றைக் கிழக்காகத் திருப்பிவிடுவது அந்தச் சுழற்சிதான். ஜெட் காற்றோட்டம் அப்படித்தான் பிறக்கிறது.

ராத்திரி 11:30க்கு ஏறி விடிகாலை 5 மணிக்கு இறங்குறதா டிக்கெட்ல இருக்கு. வெறும் அஞ்சரை மணி நேரமா?

டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சாகியிருக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகள் வராது. குளிர்காலத்தில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11:30-க்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் மறுநாள் மாலை 6 மணி. அதில் 13-ஐக் கழித்தால் நியூயார்க்கில் அதே நாள் விடிகாலை 5 மணி.

பயண நேரம் மட்டும் தெரிய வேண்டும் என்றால் கடிகாரங்களைக் கழிக்க உட்காராதீர்கள். டிக்கெட்டில் மொத்த நேரம் தனியாகப் போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

திங்கட்கிழமை ராத்திரி நியூயார்க்ல கிளம்பி புதன்கிழமை காலையில வருதாம். செவ்வாய்க்கிழமை எங்க போச்சு?

முன்னுரையில் சொன்ன அப்பா மாட்டிக்கொண்டது இதில்தான். மகள் போனில் "திங்கள் ராத்திரி ஃப்ளைட், காலையில ஆறரைக்கு வந்துடுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் செவ்வாய் காலை ஐந்தரைக்கே வருகை வாசலில் போய் நின்றுவிட்டார். பலகையில் அந்த விமானத்தின் பெயர் இல்லை. விசாரிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தாமதமாக வருகிறது போல என்று காத்திருந்திருக்கிறார். மகள் அப்போது நியூயார்க்கில் பெட்டியோடு வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கே அது திங்கட்கிழமை மாலை.

கணக்கு இப்படி. திங்கள் இரவு 10:30-க்குக் கிளம்பி 19 மணி நேரம் பறந்தால், நியூயார்க் கடிகாரத்தில் செவ்வாய் மாலை 5:30. அதோடு 13 மணி நேரத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் புதன் காலை 6:30. செவ்வாய்க்கிழமை முழுவதும் வானத்திலேயே கழிந்துவிடுகிறது. டிக்கெட்டில் வந்து சேரும் நேரத்தின் பக்கத்தில் சின்னதாக +2 என்று போட்டிருப்பது இதைத்தான் சொல்கிறது. நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள், தேதியையும் கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

பசிபிக் வழியாப் போனா தேதிக்கோட்டைத் தாண்டணும், துருவத்தை ஒட்டியோ ஐரோப்பா வழியாவோ போனா தாண்ட வேண்டாம். அப்ப இறங்குற தேதி மாறுமா?

மாறாது. நன்றாக யோசித்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். கிழக்கே பசிபிக் வழியாகப் போகும்போது ஒவ்வொரு நேர மண்டலமாகக் கடிகாரத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போவீர்கள். மொத்தம் 11 மணி நேரம் கூடியிருக்கும். ஆனால் தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு நாளை, அதாவது 24 மணி நேரத்தைக் குறைக்க வேண்டும். மிச்சம் மைனஸ் 13. மேற்கே ஐரோப்பா வழியாகப் போனால் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்து நேராக மைனஸ் 13-இல் நிற்பீர்கள். எந்த வழியில் வந்தாலும் நியூயார்க்கின் கடிகாரம் ஒன்றுதான். இந்தக் கணக்குத் தப்பாமல் இருப்பதற்காகத்தான் தேதிக்கோடே வரையப்பட்டிருக்கிறது.

அதே ஃப்ளைட், போன வருஷம் ஜூன்ல வேற நேரம் காட்டுச்சே?

அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று பழையபடி மாற்றுவார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே கோடையில் வித்தியாசம் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13. மேலே போட்ட கணக்குகளில் கோடைக்கு 13-க்குப் பதில் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைரக்ட் ஃப்ளைட்னுதான் சொன்னாங்க. நடுவுல இறங்கிச்சே?

டைரக்ட் வேறு, நான்ஸ்டாப் வேறு. விமான எண் மாறாமல் போனால் அது டைரக்ட். நடுவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு, புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போனாலும் அதற்கு அதே பெயர்தான். எங்கும் இறங்காமல் போவதுதான் நான்ஸ்டாப். டிக்கெட் எடுக்கும்போது "நான்ஸ்டாப்பா?" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள்.

நடுவுல ஒரு ஊர்ல இறங்கிப் போனா தூரம் ரொம்பக் கூடிடுமா?

ஊரைப் பொறுத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதே நியூயார்க்குக்கு ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் விமானம் விட்டிருக்கிறது. சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200. கூட்டினால் 16,500. குறுகிய தூரத்தைவிடச் சுமார் 1,150 கிலோமீட்டர்தான் அதிகம். பறப்பதில் பார்த்தால் ஒன்றே கால் மணி நேரம். ஆனால் இறங்கி, நின்று, மறுபடி ஏறுவதில் போகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு நாளே முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது தூரத்தைவிட நிறுத்தம்தான்.

வயதானவர்களுக்கு நான் எப்போதும் ஒரே நான்ஸ்டாப்பை வற்புறுத்துவதில்லை. 18 மணி நேரம் ஒரே இருக்கையில் இருப்பதைவிட, நடுவில் இரண்டு மணி நேரம் நடந்து கால் நீட்டுவது சிலருக்கு நல்லது. ஆனால் புது விமான நிலையத்தில் தனியாக கேட் மாற வேண்டும் என்றால் நான்ஸ்டாப்தான் நிம்மதி. யார் போகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு தூரம் ஒரே டேங்க்ல எப்படிப் போகுது?

இதற்கென்றே தயாரித்த விமானம் அது. ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். என்று பெயர். வழக்கமான ஏ350-900 கொள்ளும் 1,41,000 லிட்டருக்குப் பதில் இதில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். அந்த எரிபொருளின் எடை மட்டும் 130 டன்னுக்கும் மேல். கிளம்பும்போது விமானத்தின் மொத்த எடை அதிகபட்சம் 280 டன்தான் இருக்கலாம், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எரிபொருளே இருக்கும். அதனால்தான் ஆட்களைக் குறைத்து 161 இருக்கைகள் மட்டும் போட்டிருக்கிறார்கள். சாதாரண எகானமி இருக்கையே கிடையாது.

நீளமான பயணத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடைசி மணி நேரத்துக்கு வேண்டிய எரிபொருளையும் முதல் மணி நேரத்திலிருந்தே சுமக்க வேண்டும், அதைச் சுமப்பதற்கே எரிபொருள் எரியும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் நாலு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் நுவார்க்குக்கு நான்ஸ்டாப் தொடங்கி, எரிபொருள் செலவு கட்டாமல் 2013-இல் நிறுத்தியது. இரண்டே எஞ்சினில் ஓடும் இந்தப் புது விமானம் வந்த பிறகுதான் 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் வந்தது.

சண்டை நடக்கிற நாட்டு மேல போகக் கூடாதுன்னா எவ்வளவு சுத்தணும்?

சில தடங்களுக்கு மிக அதிகம். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கி – டோக்கியோ விமானம் ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்திலிருந்து சுமார் 13 மணி நேரமாக நீண்டது. இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. அதனால்தான் பழைய பயண நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு கனெக்‌ஷன் போடாதீர்கள் என்கிறேன்.

அந்தக் காலத்துல கான்கார்டு இருந்துச்சே. இப்ப ஏன் யாரும் வேகமாப் போறதில்லை?

ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு, 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் போனது. அதன் பறத்தல் 2003-இல் முடிந்தது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை திடீரென்று ஏறும், எரிபொருள் கொட்டும். ஒலியைத் தாண்டினால் கீழே தரையில் இடிபோல் சத்தம் கேட்கும், அதனால் பல நாடுகள் நிலத்தின் மேல் அப்படிப் பறக்க விடுவதில்லை. இன்றைய விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் வரை போய் அங்கேயே நின்றுகொள்வது இதனால்தான். இன்னொன்று, கான்கார்டாலும் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே மூச்சில் போயிருக்க முடியாது. பாதி தூரத்துக்கு முன்பே எரிபொருள் தீர்ந்திருக்கும்.

40 நிமிஷம் லேட்டாக் கிளம்புச்சு, ஆனா சரியான நேரத்துக்கு வந்துடுச்சு. வேகமா ஓட்டினாங்களா?

கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கலாம், அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. முக்கியமான காரணம், அட்டவணையிலேயே கொஞ்சம் கூடுதல் நேரம் சேர்த்து வைத்திருப்பார்கள். மேலே சொன்ன கேட் முதல் கேட் வரையான நேரத்தில் அதுவும் இருக்கிறது. காற்றும் சாதகமாக இருந்தால் தாமதம் கரைந்துவிடும்.

எப்போது "வந்து சேர்ந்தது" என்று சொல்வது என்பதிலும் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. தாமத இழப்பீட்டுக்கு, சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கு அல்ல, பயணிகள் இறங்க ஒரு கதவாவது திறந்த நேரம்தான் கணக்கு என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது. கதவு மூடியிருக்கும்வரை பயணம் முடியவில்லை.

இதைவிட நீளமா ஏதாவது வருமா?

குவான்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு, சுமார் 17,000 கிலோமீட்டர், நான்ஸ்டாப் விடத் திட்டமிட்டிருக்கிறது. 22 மணி நேரம் வரை ஆகலாம். 2019-இல் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்குச் சோதனையாக ஒரு விமானத்தைக் குறைந்த ஆட்களோடு ஓட்டி, 19 மணி 16 நிமிடத்தில் இறக்கினார்கள்.

ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் இதைவிட நீளமானது இரண்டாம் உலகப் போரின்போதே நடந்துவிட்டது. 1943 முதல் 1945 வரை இலங்கையின் கொக்கல ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் நடுவே கேட்டலினா என்ற நீரில் இறங்கும் விமானங்கள் பறந்தன. ஏறியது மூன்று பயணிகள் வரைதான். எதிரி கேட்டுவிடக் கூடாது என்று வானொலியை மூடிவைத்து, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் போனார்கள். 27 முதல் 33 மணி நேரம் ஆகும். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்ததால் அதற்கு "இரட்டைச் சூரியோதயம்" என்றே பெயர் வந்தது.

போன்ல ஃப்ளைட்டைப் பார்த்துட்டே இருந்தேன். கடல் நடுவுல காணாமப் போச்சு. பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். இந்தக் கேள்வி பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும், அம்மாக்களிடமிருந்து. விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் தானாகவே ஒலிபரப்பிக்கொண்டே போகும். அதைத் தரையில் இருக்கும் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் பிடித்து வரைபடத்தில் காட்டும். பூமி உருண்டையாக இருப்பதால், ஒரு ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விமானம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். நடுக்கடலில் ஆன்டெனா வைக்க இடம் ஏது? அந்த இடைவெளியில் செயலி விமானத்தை உத்தேசமாக நகர்த்திக் காட்டும், அல்லது காட்டாமல் விட்டுவிடும்.

காணாமல் போனது உங்கள் திரையில் மட்டும்தான். கட்டுப்பாட்டு மையத்தோடு விமானிகள் செயற்கைக்கோள் வழியாகவும் நீண்ட தூர வானொலி வழியாகவும் தொடர்பில் இருக்கிறார்கள். மறுகரையை நெருங்கியதும் அந்தச் சின்ன விமானப் படம் திரும்ப வரும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கூப்பிடப் போறேன். எத்தனை மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும்?

முதலில் தேதியைச் சரிபாருங்கள். அப்புறம் விமான எண்ணை வாங்கி, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் அன்றைய உத்தேச வருகை நேரத்தைப் பாருங்கள். கதவு திறந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர முக்கால் மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். இறங்கும் நேரத்துக்கு நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்தாலே போதும். 19 மணி நேரம் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த வாசலில் தெரிந்த முகம் ஒன்று நிற்க வேண்டும்.